ஒருத்தி மட்டும் இருக்கும் வீடு

அவளுடைய வலைப்பூவில் அவள் தனியாக வாழ்ந்தாள். மூன்று வருடமாக. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு கோப்பைத் தேநீர், ஒரு மெழுகுவத்தி, விரித்து வைத்த ஒரு நோட்டுப்புத்தகம். எல்லாம் ஒன்றே ஒன்று. ‘ஒருத்தி வீடு’ என்று வலைப்பூவுக்குப் பெயர். ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள். அதில் பாதிப் பேர் அந்த நாற்காலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

நிஜத்தில் அந்த நாற்காலி அம்மாவுடையது.

மூன்றாவது மாடியில் இரண்டறை வீடு. அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பவள். மகள் காப்பீட்டு அலுவலகத்தில், புகார் எழுதுகிறவர்களுக்கு வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதுபவள். அப்பா எப்போதோ போய்விட்டார். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அவரைப் பற்றிச் சொல்லவும் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். பட்டம் பீரோவுக்கு அடியில் பெட்டிக்குள் இருந்தது. அதைத் தொங்கவிட ஒரு சுவர் காலியாக இல்லை.

அம்மாவைப் பிடிக்காமல் அவள் இதைச் செய்யவில்லை. தனி அறை, தனி நாற்காலி, தனக்கென்று அரை மணி நேரம் என்பதையெல்லாம் ஊரில் இருக்கிறவர்கள் பிறவிச் சொத்து மாதிரி எழுதித் தள்ளுகிறார்கள். பிறந்ததிலிருந்து ஒரே பாயில் இன்னொருத்தியின் முதுகில் முட்டிக்கொண்டு படுத்தவள், பொய்யாகவாவது அதை அனுபவித்துப் பார்க்கக் கூடாதா? குளியல் தொட்டி இல்லாத வீட்டுக்குக் குளியல் உப்பு வாங்கினாள். பிளாஸ்டிக் வாளிக்குள் இரண்டு காலையும் நுழைத்து, கணுக்காலை மட்டும் படமெடுத்து, ‘இந்த ஞாயிறு என்னுடையது’ என்று எழுதினாள். படம் எடுத்து முடித்ததும் அம்மா அதே தண்ணீரில் தன் வீங்கிய காலை வைத்து, “அப்பாடா! இதுக்குத்தான் பெத்தவங்க பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும்கிறது” என்றாள்.

வலைப்பூ நடத்துவது லேசான காரியம் இல்லை. அந்த வீட்டுக்கு நல்ல வெளிச்சம் காலை ஏழு இருபதுக்கு வரும், எட்டு மணிக்குப் போய்விடும். அம்மா வேலைக்குக் கிளம்புமுன் காலை நீட்டி உட்காருவதும் அதே ஜன்னல், அதே நேரம்.

“அம்மா, முழங்கை.”

“முழங்கைக்கு என்ன?”

“படத்துல வருது.”

“வந்தா வரட்டுமே. அது என்ன பாவம் பண்ணிச்சு? இந்த முழங்கைதான் உன்னைப் படிக்க வச்சுது.”

“காலங்காத்தால ஆரம்பிக்காதே. சுவரோட ஒட்டி உட்காரு.”

“இதுக்கு மேல ஒட்டினா சுண்ணாம்பாத்தான் ஆகணும் மகாராணி.”

எவ்வளவு ஒட்டி உட்கார்ந்தாலும் அம்மா ஏதாவது ஒரு மூலையில் வந்துவிடுவாள். அதற்கும் கைபேசியில் வழி இருந்தது. வேண்டாததை விரலால் தேய்த்தால் போதும். பக்கத்துச் சுவரில் ஒரு துண்டைக் கிள்ளியெடுத்து அந்த இடத்தில் அது அப்பிவிடும். முழங்கை, பித்தவெடிப்புப் பாதம், வலி மருந்துக் குப்பி, கண்ணாடி, தரையில் விழுந்த நிழல் எல்லாவற்றையும் தேய்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை அவள் விரல் நுனிக்கு வந்திருந்தது. ‘இடம் போதவில்லை’ என்று கைபேசி வாரத்துக்கு ஒருமுறை புலம்பும்போது, திருத்திய படங்களை வைத்துக்கொண்டு அசலையெல்லாம் அழித்துவிடுவாள். அசலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மழை விட்ட ஒரு வாரத்தில் அம்மா வேலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ஆஸ்பத்திரியில தானா திறக்கிற கதவு இருக்குல்ல? இன்னைக்கு எனக்குத் திறக்கவே இல்ல. முன்னால போறேன், பின்னால வர்றேன், கையை ஆட்டறேன். ம்ஹூம். பின்னாலயே ஒரு டாக்டர் வந்தாரு. உடனே வாயைப் பொளந்துச்சு. கதவுக்குக்கூட ஆள் தராதரம் தெரியுது பாரேன்.”

“ரிப்பேரா இருக்கும்.”

மறுநாள் பேருந்து நிற்காமல் போனது. அதற்கு மறுநாளும். நிறுத்தத்தில் வேறு யாராவது இருந்தால்தான் ஓட்டுநர் நிறுத்துகிறார் என்று அம்மா சொன்னாள். அந்த வார முடிவில், கதவு திறக்காத நாளிலிருந்து நான்கு நாளும் வேலை செய்த அம்மாவுக்கு நான்கு நாளும் வரவில்லை என்று பதிவாகியிருந்தது.

மகளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நாள் முழுவதும் அடுத்தவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறவளுக்கு, கத்துவதற்கு ஒரு நியாயமான இடம் கிடைத்தால் விடுவாளா? சலவைப் பிரிவு மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“பதினாறு வருஷமா வேலை பார்க்கிறவங்க சார். நாலு நாளும் வந்திருக்காங்க. நீங்க எந்தக் கண்ணால பார்த்தீங்க?”

“அம்மா, கொஞ்சம் பொறுமையாப் பேசுங்க. அவங்க மேசையில விரிப்பெல்லாம் மடிச்சுத்தான் இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா மடிச்சது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. கூட நிக்கிறவங்களைக் கேட்டேன். பக்கத்து மேசை காலின்னு சொல்றாங்க.”

“உங்களுக்கெல்லாம் வேலை செய்யறவங்க என்னைக்குத்தான் கண்ணுல பட்டிருக்காங்க!” என்று வைத்துவிட்டாள். சொன்னது சரி என்றே நினைத்தாள். அம்மாவைப் போன்றவர்களை யாரும் பார்ப்பதில்லை, உலக வழக்கம்தான், இதில் புதிதாக என்ன இருக்கிறது? அந்தக் கோபம் வசதியாக இருந்தது. அதற்குமேல் யோசிக்க விடவில்லை.

கீழ்வீட்டு அக்காதான் அந்த வசதியைக் கெடுத்தாள். ஒன்பது வருடப் பழக்கம். அம்மாவும் அவளும் படிக்கட்டில் நின்று பேச ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது கரிந்துபோகும். வலைப்பூ என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம், குப்பை போடக் கீழே இறங்கியவளை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

“ஏம்மா, இவ்வளவு நாளாத் தனியாவே இருக்கியே, பயமா இல்லையா உனக்கு?”

“என்னக்கா விளையாடறீங்க? அம்மா இருக்காங்களே.”

அக்கா அவளைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. இரக்கம் இருந்தது. “இருப்பாங்கம்மா. நம்மளை விட்டு எங்க போயிடுவாங்க” என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

செத்தவர்களைப் பற்றிப் பேசும் குரல் அது.

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கால் விரல்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போன மூச்சு வந்தது. ஆனால் அம்மாவுக்குப் பின்னால் இருந்த சுவர் சரியாக இல்லை. ஜன்னலுக்கு இடதுபுறம், கிளை பிரிந்த நதி மாதிரி ஒரு விரிசல் உண்டு. வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இருப்பது. இப்போது அதே விரிசல் ஒரு சாண் தள்ளி இன்னொரு தடவை இருந்தது. அதே கிளை, அதே வளைவு, நடுவில் அதே கொசு ரத்தக் கறை. அதற்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று. நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. நிஜச் சுவர்தான். கைபேசி கிள்ளிக் கிள்ளி அப்பிய சுவர்.

“என்னடி சுவரைப் போய் நோண்டற?” என்று அம்மா கேட்டாள். பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல் வந்தது குரல்.

“அம்மா, அப்படியே இரு. அசையாதே. உன்னைப் படம் எடுக்கப் போறேன்.”

“என்னையா? பூகம்பம்தான் வரப்போகுது. இரு, முடியைச் சரி பண்ணிக்கறேன்.”

எடுத்தாள். படத்தில் நாற்காலி இருந்தது. நாற்காலியின் முதுகு இருந்தது. மூன்று விரிசல்கள் இருந்தன. மறுபடி எடுத்தாள். நான்கு விரிசல்கள்.

“நல்லா வந்திருக்கா?”

“வந்திருக்கும்மா” என்று சொன்னாள். வேறு என்ன சொல்ல முடியும்?

பழைய படங்களில் தேடினாள். அசல் ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அதை ஏற்றிவிடலாம். மூன்று வருடத்தில் அறுநூறு படம். அறுநூற்றிலும் சுத்தமான சுவர். இவ்வளவு கவனமாக அவள் அலுவலகத்தில்கூட வேலை செய்ததில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. அவள் சலவைப் பிரிவுக்கே போய்ப் பார்த்தாள். நீராவிக்கு நடுவே ஒரு மேசையில், மூலையோடு மூலை பொருந்திய விரிப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. மேலே இருந்த விரிப்பில் இன்னும் கைச்சூடு இருந்தது. யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு வெளிச்சம் வந்தது. அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் சம்மணம் போட்டு, கணினியை மடியில் வைத்துக்கொண்டு, படம் எதுவும் போடாமல் எழுத ஆரம்பித்தாள்.

‘நான் தனியாக வாழவில்லை. ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. இந்த நாற்காலி என் அம்மாவுடையது. மூன்று வருடமாக நான் அவளை விரலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தேன்.’

பிறகு எழுத எழுத வந்தது. அம்மாவின் இடது முழங்கால் மடங்காது. தேநீருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டுக்கொண்டு ஒன்று என்று பொய் சொல்வாள். குறட்டை விடுவாள், எழுப்பினால் நான் தூங்கவே இல்லை என்பாள். நனைந்த துணியை நாற்காலி முதுகில் போட்டு என் உயிரை வாங்குவாள். தும்மினால் மூன்று தும்மல். கீழே விழுந்த ஊக்கை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வாள், எதற்காவது ஆகும் என்று. செருப்பைத் தேய்த்து நடப்பாள். படி ஏறும்போதே அவள்தான் என்று தெரிந்துவிடும். என்னை மகாராணி என்று கூப்பிடுவாள். நல்ல அர்த்தத்தில் இல்லை.

ஒரு மணி நேரம் எழுதினாள். பூசி மெழுகவில்லை. வெளியிட்டாள். ஐந்தே நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. ‘இத்தனை நாளாக எங்களை முட்டாளாக்கினாயா?’ என்றது ஒரு பின்னூட்டம். ‘பெற்ற தாயை மறைத்த நீ எல்லாம் ஒரு பெண்ணா?’ என்றது இன்னொன்று. ‘அந்த மெழுகுவத்தி எங்கே வாங்கினீர்கள்?’ என்றது மூன்றாவது.

படிக்கட்டில் செருப்பு தேய்ந்தது.

அவள் கதவைத் திறப்பதற்குள் கதவே திறந்தது. அம்மா. இடது முழங்கால் மடங்காமல் உள்ளே வந்தாள். மூன்று தும்மல் தும்மினாள். தரையில் கிடந்த ஊக்கை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள். “ஒரு கரண்டிதான் போட்டேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு தேநீர் கலந்தாள். ஈரத்துணியை நாற்காலி முதுகில் போட்டாள். “என்ன மகாராணி, அழுதியா?”

அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சோப்பு வாசனையும் நீராவி வாசனையும் அடிக்கும் என்று முகத்தைப் புதைத்தாள். எந்த வாசனையும் இல்லை. அதை அவள் எழுதவில்லை.

ஓடிப்போய் எழுதினாள். வாசனை வந்தது.

அன்று முழுவதும் அப்படித்தான் போனது. எழுத விட்டுப்போன காது மடலை எழுதினாள், கையில் பழைய சூட்டுத் தழும்பை எழுதினாள். ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, “எங்க போயிட்டே நாலு நாளா? ஆளையே காணோம்!” என்று அம்மாவிடம் சண்டை பிடித்துவிட்டுப் போனாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்தது சாயங்காலம் நான்கு மணிவரைதான்.

நான்கு மணிக்கு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். இமைகூட அசையவில்லை.

“என்னம்மா யோசிக்கறே?”

அம்மா திரும்பினாள். முகத்தில் மறைப்பு இல்லை, சலிப்பு இல்லை. பெயர் எழுதக் காத்திருக்கும் விண்ணப்பப் படிவம் மாதிரி இருந்தது முகம்.

“நான் என்ன யோசிக்கறேன்?” என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். “நீ சொல்லு.”

அவள் கணினியின் முன் போய் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ். அம்மா அந்த ஜன்னல் வழியாக என்ன பார்க்கிறாள் என்று ஒரு வரி தெரியவில்லை. முழங்காலைத் தெரியும், குறட்டையைத் தெரியும். தெரிந்ததெல்லாம் தனக்கு இடைஞ்சலாக இருந்தவை மட்டும்.

‘அம்மா என்னை மன்னித்துவிட்டாள்’ என்று தட்டினாள்.

நாற்காலியில் அம்மாவின் வாய் மெல்ல ஒரு புன்னகைக்குத் திரும்ப ஆரம்பித்தது. இன்னும் வெளியிடக்கூட இல்லை. ஆனாலும் அது வந்துகொண்டிருந்தது, நூலால் இழுத்த மாதிரி. அவள் தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். புன்னகையும் வந்த வழியே போனது.

எது வேண்டுமானாலும் எழுதலாம். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்று எழுதலாம். அம்மாவுக்குக் கோபமே வராது என்று எழுதலாம். எழுதினால் நடக்கும். சாகும்வரை ஜன்னலோரத்தில் சொன்னபடி கேட்கும் அம்மா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வரி எழுதினாள். ‘என் அம்மா மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது அவளுடையது.’ வெளியிட்டுவிட்டுத் திரும்பினாள்.

அம்மாவின் முகம் மூடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் ஏதோ ஒன்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது போல். அந்த முகத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

“அம்மா, என்ன யோசிக்கறே?”

அம்மா அவளை மேலிருந்து கீழாக ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

“உனக்கு எதுக்கு அது?” என்று கேட்டுவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் முழுக்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.