பெட்டிக்குள் சிந்திய கசகசா

சவூதியின் உட்பாலைவனத்தில் வெல்டர் வேலைக்காக மறுநாள் விமானம் ஏற வேண்டிய கிருபாகரன், ஆவடி வீட்டில் பெட்டியைக் கட்டி முடித்திருந்தான். அந்த நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய பக்கத்து வீட்டு அப்துல் ரசாக் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமே, மளிகைக் கடையவே கட்டிக்கினு போறியா? கசகசா கீதா?"

"கால் கிலோ வெச்சிருக்கேன் பாய், குருமாவுக்கு," என்றாள் மனைவி ராஜகுமாரி, பெருமையாக.

"ஐயையோ! அங்க அது போதைப்பொருளு. ஒரு மணி ஆப்ட்டாலும் ஜெயிலுதான்!"

கிருபாகரன் பெட்டியின் கட்டை அவிழ்த்தான். பெட்டியைத் திறந்தால், பொட்டலம் கிழிந்து சட்டை மடிப்பெல்லாம் வெள்ளை மணிகள். உதற உதற உதிர்ந்துகொண்டே இருந்தன. கடைசியில் பெட்டியையே ஒதுக்கிவிட்டு, கரையான்சாவடிக்கு ஓடிப் புதுத் துணிகளும் பையும் வாங்கி வந்தான்.

அப்போதும் பயம் விடவில்லை. விளக்கடியில் கைகளை விரித்துப் பார்த்தவன், "குமாரி, நகத்துக்குள்ள ஒண்ணு கீது," என்றான்.

விளக்கு வைத்தபின் வீட்டில் எவரையும் நகம் வெட்ட விடாதவள் ராஜகுமாரி. அன்று அவளே நகவெட்டியை எடுத்து வந்து, அவனருகே அமர்ந்து, பத்து விரல்களையும் ஒட்ட ஒட்ட வெட்டினாள்.