தலைவருக்கு ஒரு 'தி'

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு செல்போன் கடையின் மாடியில் பூர்ணிமா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தாள். பீங்கான் சூளைக்காரர் சங்கத் தலைவர் விருத்தகிரியும் செயலாளர் கொளஞ்சியும் அதில் சேர்ந்ததுதான் அவளுக்கு வந்த வினை. பொம்மை வாங்கக் கேரளாவிலிருந்து பெரிய வியாபாரி வரப்போகிறார். அவரிடம் முதலில் இங்கிலீஷில் பேசுவது யார் என்று இருவருக்கும் போட்டி.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'தி' (a, the) பழகுவதற்கு, இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றின் வரலாற்றைக் கோடிட்ட இடங்களோடு கொடுத்தாள். ஒரு மீனவன் குடிசை போட்டான், அவனுக்கு 'ஏ'. ஊரின் ஒரே மேயர் படகுத்துறையைத் திறந்தார், அவருக்கு 'தி'.

விருத்தகிரி பேனாவை மூடினார். "புரிஞ்சிபோச்சு டீச்சர். சும்மா ஆளுக்கு ஏ. பெரிய மனுசனுக்கு தி. நம்ம 'திரு' மாதிரி."

"அப்படி இல்லைங்க சார். மொதல்ல சொல்றப்ப ஏ, திரும்பச் சொன்னா தி. அடுத்த வரியில மீனவருக்கும் தி வருது பாருங்க."

"அப்ப மொத தடவ ஜெயிச்ச தலைவருக்கு ஏ தான்," என்றார் கொளஞ்சி. "நான் ரெண்டு தடவ செயலாளரு. தி எனக்குத்தாங்க வரணும்."

அதோடு அந்த ஊரின் கதை ஒரு வரிகூட நகரவில்லை. ரயில் வந்ததையும் புயலில் படகுத்துறை போனதையும் கேட்க ஆளில்லை. தொண்டை வற்ற விளக்கிய பூர்ணிமா, கடைசியில் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டி வைத்தாள்.

வியாபாரி வந்த அன்று சங்க வாசலில் விருத்தகிரி அடித்த பேனர் நின்றது. இங்கிலீஷில், பெரிதாக 'தி விருத்தகிரி'. கீழே பொடி எழுத்தில் 'ஏ கொளஞ்சி'. கொளஞ்சியின் முகம் செத்துப்போயிற்று. கூட்டத்தில் நின்ற பூர்ணிமா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

காரிலிருந்து இறங்கிய வியாபாரி பேனரைப் படித்துவிட்டு நல்ல தமிழில் கேட்டார்: "ஏ. கொளஞ்சி யாருங்க? இனிஷியல் ஏன்னா, அப்பா பேரு ஆன்டனியா?"

"இல்லைங்க, ஆதிநாராயணன்," என்ற கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. வியாபாரி அவர் தோளில் கைபோட்டுச் சூளைப் பக்கம் நடந்தார். பொன்னாடையும் கையுமாக விருத்தகிரி அங்கேயே நின்றார்.

மறுநாள் வகுப்புக்கு அவர் முன்னதாகவே வந்துவிட்டார்.

"டீச்சர், எங்கப்பா பேரு திருமால். அதுக்கு தி போட்டுக்கலாம் இல்ல?"

"தாராளமா போடுங்க சார்," என்றாள் பூர்ணிமா. "தமிழ்ல போடுங்க."