நாக்கு கண்ட கடல்

“உலகத்தை உள்ளபடி அறிய நமக்கு வாய்த்த புலன்கள் ஐந்து. அவற்றுள் கண் பொய், காது பொய், மூக்கு பொய், தோல் பொய். மெய்யை அறிவது நாக்கு ஒன்றே!”

சொல்லிவிட்டு அறிவழகன் சோடா குடித்தார். ஏப்பம் வந்தது.

ஓய்வுபெற்ற சர்வேயர். விசிட்டிங் கார்டில் ‘தொல்லுயிர்ப் பேரறிஞர்’ என்று போட்டிருந்தது. பட்டம் கொடுத்ததும் அவரே. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், தம் வீட்டுக் கொல்லை வேலியோரம் போன வாரம் அவர் கண்டெடுத்த டைனோசர் முட்டை பட்டுத்துணிமேல் வீற்றிருந்தது. அதை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே தம் பெயரைப் பித்தளையில் பொறிக்க வேண்டும். அதற்காகவே அதிகாரி அபிநயாவை அரியலூரிலிருந்து வரவழைத்திருந்தார். வாசலில் ஊரே கூடியிருந்தது.

“நடுவுல ஓட்டை இருக்கே சார்?” என்றாள் அபிநயா.

“குஞ்சு மூச்சு விட்ட வழிங்க.”

“ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு.”

“தாய் அடைகாத்த பக்கம். அதெல்லாம் கண்ணு சொல்றது, விடுங்க. இங்க பாருங்க!”

முட்டையை இரு கையாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரை நக்கினார்.

“உப்பு! பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால நம்ம ஊரு கடல். அந்தக் கடல் இப்ப என் நாக்குல இருக்கு!”

கூட்டம் கைதட்டியது.

“ரெண்டு கரண்டி உப்புப் போட்ட கொழம்ப நேத்து சப்புன்னு இருக்குன்ன நாக்குதானேங்க இது?” என்றாள் மனைவி ராசாத்தி.

“நீ சும்மா இரு. மேடம், நீங்களும் ஒரு தடவை...”

அபிநயா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு வீரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “அட, இங்கயா கெடக்கு! ராசாத்தி, எங்க எருமை நக்கறதுக்குக் கட்டியிருந்த உப்புக்கட்டிடி இது. கயிறு அறுந்து உங்க வேலிகிட்ட உருண்டுடுச்சு. ஒரு வாரமா தேடுறேன்.”

“உன் கண்ணு பொய் சொல்லுது வீரம்மா” என்றார் அறிவழகன்.

“சொல்லட்டும் அண்ணே. ஓட்டைக்குள்ள பாருங்க.”

அபிநயா பேனா முனையை விட்டுக் குடைந்தாள். நீல நைலான் கயிற்றின் துண்டு வெளியே வந்தது. அவள் படிவத்தில் ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுந்தாள்.

வீரம்மாள் கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். “என்னண்ணே, பாதியாயிடுச்சு? எருமை ஒரு மாசம் நக்குனாலும் இவ்வளவு தேயாதே?”

ஒரு வாரத்தில் அறிவழகன் அதை நாற்பத்திரண்டு முறை நக்கியிருந்தார்.