நனையாத பாதை

எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற காலையில், நான் ஆற்றுச் சரணாலயத்தின் வாசலில் நின்று, வந்தவர்களுக்குத் தலைக்கவசப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன். என் பச்சைச் சீருடையின் கால்பகுதி ஈரமாக இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"இந்தப் பாதையில மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்ல. டயருக்கு அடியில சரளைக்கல் நெரியற சத்தம், பறவைச் சத்தம், அவ்வளவுதான் கேக்கும். எவ்வளவு மழை பெஞ்சாலும் பாதை நனையாது" என்று தினமும் சொல்வதைச் சொன்னேன். கடைசி வரி மேலாளருடையது. விளம்பரப் பலகையிலும் அதுதான் இருக்கிறது. மோட்டார் இல்லாத பாதைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் சைக்கிளைக் காரின் தலைமேல் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தக் கார்களை நிறுத்த எங்கள் தெருவை விடப் பெரிய மைதானம் இருக்கிறது. அது பலகையில் இல்லை.

ஆறு பெருகினால் பரந்து படுக்கத் தனக்கென்று வைத்திருக்கும் இடம்தான் இந்தச் சரணாலயம். கோரையும் நாணலும் குட்டைகளும். அதன் நடுவே, ஆள் உயரத்துக்கு மண் அடித்து, மேலே சரளை கொட்டி, உருளை ஓட்டி, இந்தப் பாதையைப் போட்டார்கள். போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். கூடையில் சரளை சுமந்தார். பாதை திறந்த பிறகு அதில் அவர் ஒருமுறை கூடப் போனதில்லை. ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவு பெரிய மனுசங்க, சைக்கிள்ல ஒரு கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல. கடையில ஏமாத்திட்டாங்க போல" என்றார். வீடே சிரித்தது.

எங்கள் தெருவில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். படித்தது சுற்றுச்சூழல் அறிவியல். தெருவில் என் பெயரையே மறந்துவிட்டார்கள்; "டிகிரி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "டிகிரி, இந்த பல்பு ஏன் எரியல பாரு." படிப்புக்கேற்ற வேலையென்று கிடைத்தது இந்த வழிகாட்டி வேலைதான். மாதக் கடைசியில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்ததில்லை. அம்மா தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

அன்று விடியற்காலையே வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்பைக் கட்டில் மேல் தூக்கி வைத்து, அதன் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கட்டில் கால்களுக்கடியில் செங்கல்.

"எத்தனையோ மழை பாத்திருக்கோம். தண்ணி வரும், ஓடிப்போயிடும். இப்ப ஏன் நிக்குது?" என்றேன்.

"உங்கப்பாவக் கேளு" என்றாள் அம்மா.

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாய்க்கா இருந்துதில்ல, தெருக்கோடியில... அதுக்குக் குறுக்கதான் பாதை வருது. குழாய் பதிச்சுட்டு மேல மண்ணு போடணும்னுதான் பிளான்."

"பதிச்சீங்களா?"

"குழாய் வந்தாத்தான பதிக்க? தெறப்பு விழா நெருங்கிடுச்சு, மூடுங்கடான்னாரு மேஸ்திரி."

"மூடிட்டீங்க."

"நான் மூடலைன்னா இன்னொருத்தன் மூடுவான்."

"தண்ணி நம்ம வீட்டுக்குத்தான் வரும்னு தெரியாதா?"

"தெரியும்" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஈரக் காலோடுதான் மேலாளர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர் என்று பெயர். நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்.

"சார், பாதையில ஒரு இடத்துல வெட்டிவிட்டாப் போதும். ஆத்துல இன்னும் எடம் இருக்கு. எங்க தெருத் தண்ணி மதியத்துக்குள்ள வடிஞ்சிடும்."

"புரியுதும்மா. நானே மேல சொல்றேன். ஆனா சீசன் முடியட்டும். இன்னிக்குக் கூடப் பாரு, எத்தனை பேரு வந்திருக்காங்க."

"வீட்டுக்குள்ள தண்ணி சார்."

"நீ படிச்ச பொண்ணு. இத உணர்ச்சிவசப்படாம பாக்கணும். இந்த மாசக் கடைசியில உன் பேர்தான் முதல்ல போகுது, தெரியுமில்ல?"

எனக்குத் தெரிந்தது. எழுந்து வந்து பட்டைகளை இறுக்கினேன்.

கூட்டத்தை அழைத்துக்கொண்டு முன்னால் போனேன். மழை விட்டிருந்தது. பாதை, சொன்னால் சொன்னபடி, காய்ந்து கிடந்தது. சரளை நெரிந்தது. நாணலுக்குள்ளிருந்து கொக்குகள் எழுந்தன. நீர்க்காகம் ஒன்று பட்டமரத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு வளைவு திரும்பியதும் இடது பக்கம் ஆறு, வலது பக்கம் எங்கள் தெரு. பாதை மேட்டிலிருந்து பார்த்தால் கூரைகள் காலடியில் தெரியும்.

எனக்குப் பின்னால் வந்தவர் பல் மருத்துவர். இறங்கி நின்று கைப்பேசியை எடுத்தார்.

"வாவ். அந்த வீடெல்லாம் தண்ணியில எப்படித் தெரியுது பாருங்க! இதுவும் சரணாலயத்துல சேர்ந்ததா?"

"இல்ல சார்."

"சேத்துக்கலாமே. இந்தப் பக்கமும் பறவை வருமா?"

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். என் பச்சைச் சட்டையைக் கண்டதும் கையை உயர்த்தி ஆட்டினாள். பெருமையாக ஆட்டினாள். பல் மருத்துவர் பதிலுக்கு ஆட்டினார்.

நான் சைக்கிளைக் கீழே சாய்த்தேன். மேட்டிலிருந்து சறுக்கி இறங்கி, தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போனேன். அப்பாவின் கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டேன்.

"எங்கடி போற?" என்றாள் அம்மா. மேட்டை நோக்கி நடந்தேன். வீட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு, ஒரு இரும்புச் சட்டியோடு பின்னாலேயே வந்தாள். அப்புறம் அம்மாவும் வந்தாள்.

நாங்கள் கடந்து வந்த வழியில், வாய்க்காலை மூடிய இடத்தில் மேடேறினேன். சரளையை நன்றாகத்தான் இறுக்கியிருந்தார்கள். கடப்பாரை முதலில் துள்ளித் துள்ளி விழுந்தது. அப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"வேணாம்மா. யார் கையில கடப்பாரை இருக்குன்னு எல்லாரும் பாக்கறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கோ."

"அதுக்குள்ள வடிஞ்சிடுமா?"

"பாதையோட அடுத்த பகுதிக்கு என்னையும் கூப்பிடறேன்னிருக்காரு மேஸ்திரி. உன் அப்பன்னு தெரிஞ்சா?"

"உங்க கைவேலையத்தான் பிரிக்கிறேன். ஒதுங்குங்க."

ஒதுங்கினார். உதவவில்லை. மேட்டோரமாகக் குந்தி, தான் சுமந்த கல்லை நான் வாரி எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கசிந்தது. பிறகு மண்ணே தானாக இடிந்தது. தண்ணீர் எங்கள் தெருக் குப்பை, ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுப் பிளாஸ்டிக் குடமோ எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கோரைக்குள் பாய்ந்தது. தெருவில் யாரோ விசில் அடித்தார்கள்.

"ஹலோ! நாங்க எப்படித் திரும்பிப் போறது?" என்றார் பல் மருத்துவர். வெட்டுக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள்.

"எங்க தெரு வழியா போலாம் சார். பாத்து, வழுக்கும்."

தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதும், விலை உயர்ந்த சைக்கிள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, சேற்றில் ஒருவர் பின் ஒருவராக எங்கள் தெருவைக் கடந்தார்கள். ஒருவரும் படம் எடுக்கவில்லை.

மாலைக்குள் வேலை போனது. மேலாளர் அப்போதும் நாற்காலியைக் காட்டினார். சீருடைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். துவைத்துக் கொடுக்க வேண்டாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார். தெரு இரண்டு நாள் என்னைக் கொண்டாடியது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரியே, "ஆனாலும் டிகிரி, நெரந்தர வேலை. கொஞ்சம் நெதானிச்சிருக்கலாம்" என்றாள். அவள் வீட்டுத் தரை அப்போது காய்ந்துவிட்டிருந்தது.

அதற்கடுத்த வாரம் அப்பா விடிவதற்கு முன்பே எழுந்து தலைத்துண்டைத் தேடினார். அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக் கொடுத்தாள்.

"எங்கப்பா?"

"பாதைய அடைக்கணுமாம். நம்ம தெருவுலயே பத்துப் பேரக் கூப்பிட்டிருக்காங்க." சொல்லும்போதே அவர் முகம் வெளிச்சமாக இருந்தது. "உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தவனெல்லாம் இப்ப வாயத் தொறக்கல. உன்னாலதான இந்த வேலை?"

"குழாய் வந்துருச்சா?"

தூக்கின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"அது அடுத்த சீசனுக்கு வருமாம். இப்போதைக்கு ஒரு அடி ஒசத்திப் போடச் சொல்லியிருக்காங்க. இனி யாரும் சுலபமா வெட்ட முடியாதபடிக்கு."

வாசலைத் தாண்டி, கேரியரும் ஸ்டாண்டும் உள்ள தன் சைக்கிளில் ஏறிப் போனார்.

வெளியே மீண்டும் தூறத் தொடங்கியிருந்தது. அம்மா பின்பக்கம் போய்ச் செங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"கட்டிலக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றாள்.

பிடித்தேன். ஒவ்வொரு காலுக்கும் இன்னொரு செங்கல் வைத்தாள்.