பெயர் உதிர்ந்த அறிவிப்பாளர்

டணார்! மலையூரான நாரினின் வானொலி நிலையத்தில், அறிவிப்பாளரின் பெயர் பதித்த அறைக்கதவிலிருந்து ஒரு பித்தளை எழுத்து கழன்று விழுந்தது. அதே நொடியில் அந்த எழுத்து அவருடைய கடவுச்சீட்டிலிருந்தும் பதக்கங்களிலிருந்தும் ஊரார் நாக்கிலிருந்தும் காணாமல் போனது. ஆணி துருப்பிடித்திருக்கும் என்றார்கள்.

உண்மைக் காரணம் அவருடைய வாழ்த்து நிகழ்ச்சி. அந்த ஊர் மருமகள்கள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிறந்தநாள் பாட்டு மட்டும் கேட்பார்கள்.

"அண்ணே, எங்க பெரியவருக்கு ஒரு பாட்டு போடுங்க."

"பேரு?"

"ஐயோ, நான் சொல்லலாமா? விறகு பொளப்போமே, அது."

"கோடாலியா? நம்ம பாஷையில பால்தா! அட, நம்ம பால்தா மாமா! வாயும் அப்படித்தானேம்மா!"

இப்படி ஊரார் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவருடைய பெயர் எழுத்தெழுத்தாக உதிர்ந்தது. பிறகு தொலைக்காட்சி வந்தது. புத்தாண்டு தோறும் எல்லா வீட்டுப் பெட்டிகளிலும் அவர்தான் சிரித்தார். மலை மேய்ச்சல் நிலங்களில் அவர் குரல் கேட்டால்தான் பெட்டைக் குதிரைகள் பால் கறக்கவிட்டன. வெந்நீர்க் குழாய் வெடித்த குளிர்காலத்தில் கடைசி எழுத்தும் விழுந்தது. யாரும் பதறவில்லை. எப்படியும் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

அவருக்குத்தான் அலுத்துவிட்டது. தொண்டை கட்டியது, முட்டி வலித்தது, சிரித்துச் சிரித்துத் தாடை மரத்தது. ஓய்வு கேட்டுப் போனார். இயக்குநர் ஷர்ஷென் கையை விரித்தார்.

"யாருக்குன்னு உத்தரவு எழுதறது? அண்ணனுக்குன்னா? நாட்டுல பாதிப்பேர் அண்ணன்தான். போய் மைக்குல உக்காருங்க."

மேலும் சில குளிர்காலங்கள் உட்கார்ந்தார். ஒரு நாள் இருமல் தாளாமல் மனைவி புரூலிடம் கெஞ்சினார்.

"நீயாவது என் பேரைச் சொல்லேன்."

"கல்யாணத்தன்னிக்கே முழுங்கினது. இப்ப எங்க போய்த் தேடறது? டீ ஆறுது, குடிங்க, தாமதம்."

அவள் அவரை அப்படித்தான் அழைப்பாள். கல்யாணத்தன்று ஒலிபரப்பு முடிந்து, விருந்தாளிகளெல்லாம் கிளம்பிய பின் வந்து சேர்ந்த மாப்பிள்ளை அவர். நாலு சுவருக்கு வெளியே அந்தச் சொல் போனதில்லை.

மறுநாள் காலையிலேயே ஷர்ஷெனிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னார். ஓய்வு உத்தரவில் ஏறியது, மை காய்ந்தும் உதிராமல் நின்றது. அன்றைய நிகழ்ச்சியில், "இத்தனை வருஷம் உங்களோட பேசினது தாமதம்" என்று விடைபெற்றார். சந்தைக்காரர்கள் முதல் மேய்ச்சல்காரர்கள் வரை ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

வெயில் இருக்கும்போதே வீடு திரும்பினார். தெரு நெடுக "வாங்க, தாமதம் அண்ணே!" என்ற குரல்கள். புரூல் வாசலை விட்டு நகரவில்லை.

"இனிமே எங்கயும் போகமாட்டேன். வழி விடேன்" என்றார்.

"எனக்குன்னு இருந்த ஒரு பேரையும் ஊருக்குக் குடுத்துட்டு வந்துட்டீங்க. இனிமே உங்கள நான் என்னன்னு கூப்பிடறது?"