கிருபாசங்கரின் முறை முடிந்த விதம்

2020 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, போத்தனூர் ஆலய மண்டபத்தின் ஏழாம் மேசையிலிருந்து கிருபாசங்கர் விதிப்படி நீக்கப்பட்டார். நாற்காலி மட்டும் இருந்தது. மேசைக்கு ஒரு சாண் மேலே, அவர் விரித்துப் பிடித்திருந்த ஒன்பது சீட்டுகள் பிடித்தவாக்கிலேயே அந்தரத்தில் நின்றன. அவருக்கு வயது முப்பத்து நான்கு. கணபதியில் பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். மனைவி கீதா அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. நீக்கும் தீர்ப்பைச் சொன்னவர் ரூத், கணக்கு ஆசிரியை, யாளிப்போர் என்னும் சீட்டாட்டத்துக்கு மாவட்டத்தில் இருந்த ஒரே நடுவர்.

யாளிப்போரை இருவர் ஆடுவர். ஒருவர் தம் முறை முடிந்தது என்று சொன்ன பிறகே மற்றவர் முறை தொடங்கும். அன்று கிருபாசங்கரின் முறை நடந்துகொண்டிருக்கையில், எதிரே ஆடிய பெனடிக்ட், எதிராளியின் முறையிலும் இறக்கத் தகுந்த ‘ஆழிக்கிணறு’ சீட்டை இறக்கினார். ‘எதிர்ப்பக்கம் இருப்பவருள் ஒருவர் இம்முறை முடியும்வரை நீங்குக’ என்பது அதன் வாசகம். மேசையில் தாம் இறக்கியிருந்த ஒரே யாளிச் சீட்டைக் கிணற்றுக்குக் கொடுக்க மனமில்லாத கிருபாசங்கர், கிணறு அதைத் தொடுமுன் தாமே பலியிட்டு ஒதுக்கிவிட்டார்.

“இப்ப நீக்கறதுக்கு ஆளே இல்லீங்களே, டீச்சர்,” என்றார் பெனடிக்ட்.

ரூத் சீட்டை இருமுறை படித்தார். யாளி என்று அதில் எங்கும் இல்லை. இருப்பவர் என்றுதான் இருந்தது. “ஆளு இருக்காருங்களே,” என்று கிருபாசங்கரைக் காட்டினார். அவ்வளவுதான். தீர்ப்பில் பிழை இல்லை என்பதை உலகம் அக்கணமே ஒப்புக்கொண்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் புலப்பட்டது. முறை முடிந்தால் கிருபாசங்கர் திரும்புவார். முறையை முடிக்கும் உரிமை அம்முறைக்கு உரியவருக்கே என்று விதிநூலின் நாற்பத்திரண்டாம் பிரிவு சொன்னது. உரியவரோ கிணற்றுக்குள் இருந்தார். ஆட்டத்தை அச்சிட்ட அயல்நாட்டு நிறுவனத்துக்கு ரூத் மூன்று கடிதங்கள் அனுப்பினார். ஒன்றையொன்று மறுக்கும் மூன்று பதில்கள் வந்தன. மூன்றாவது, இப்படியொரு நிலை ஏற்படவே வாய்ப்பில்லை என்றது. விதிநூலின் கடைசிப் பிரிவு ஒரே ஒரு வழியை விட்டுவைத்திருந்தது: விதி பேசாத இடத்தில், அவ்விடத்து நடுவர் அவ்விடத்து வழக்கப்படி தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு ஒரே தடவைதான். தவறினால் ஆட்டம் ரத்தாகும். ரத்தான ஆட்டத்தில் நீங்கியவர் நீங்கியவரே. அந்த வரியை ரூத் எத்தனை முறை படித்தார் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நூலை மூடி வைத்தார்.

அடுத்த மாதம் நோய் வந்து ஊர் அடைபட்டது, பிறகு திறந்தது. ஜூலையில் கீதாவுக்குப் பெண் பிறந்தது. தேஜா என்று பெயர் வைத்தார்கள். மண்டபத்தில் ஏழாம் மேசையைச் சுற்றி ஒதுங்கிப் பதினெட்டுத் திருமணங்கள் நடந்தன. பந்தி பரிமாறுகிறவர்கள் அந்த ஒன்பது சீட்டுகளின் அருகே வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். சென்னிமலையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த ஆட்டக்காரர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். பெனடிக்ட் ஞாயிறு தவறாமல் வந்து தம் நாற்காலியில் அமர்ந்தார். போத்தனூர் சந்திப்பில் ரயில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர். உத்தரவு வராமல் எதையும் நகர்த்திப் பழக்கமில்லை. எல்லாரும் ரூத்திடம் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: “நீங்க சரியாத்தானுங்க சொன்னீங்க.” வேறெதுவும் அவரை அவ்வளவு வருத்தவில்லை.

2024இல், மே மாதம் மண்டபத்தை இடித்துக் கட்டுவதென்று ஆலயக் குழு முடிவுசெய்தது. ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி கீதா குழந்தையைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். அவர் அவிநாசிப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். அந்நாள்வரை ஒரு சீட்டையும் தொட்டதில்லை.

“ஏனுங்க டீச்சர், நாலு வருசமாப் புத்தகத்தையே பாத்துட்டு இருக்கறீங்க. எங்க பங்குக் கெணத்துல முறை வெச்சுத் தண்ணி பாய்ச்சறதுக்குப் புத்தகமேதுங்க? முறைக்காரரு ஊருல இல்லீன்னா என்ன பண்ணுவோம்?”

“என்ன பண்ணுவீங்க?”

“ஊட்டுல இருக்கறவங்க போயி மோட்டாரை நிறுத்திப்போட்டு வருவோம். அடுத்த முறைக்காரரு வரப்புல நின்னுட்டிருப்பாரு. அவரு காட்டுல வெள்ளாமை காஞ்சே போனாலும் நம்ம சுவிச்சுல கை வெக்க மாட்டாரு.”

“நானும் அதத்தானுங்களே செய்யறேன்,” என்றார் பெனடிக்ட். “வரப்புக்குப் பதிலா பிளாஸ்டிக் சேரு.”

ரூத் சிரிக்கவில்லை. அயல்நாட்டு நிறுவனத்துக்குத் தெரியாத ஒன்று இந்த மண்ணில் ஒவ்வொரு கிணற்றடியிலும் வழக்கமாக இருப்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார். ஆனால் சீட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரே வழக்கம்தானா என்பதை யாரும் அவருக்கு உறுதிசொல்ல முடியாது. தவறினால் இந்தக் குழந்தைக்குத் தகப்பன் இல்லை. எழுந்து நின்று, வகுப்பில் பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னார்: “முறைக்குரியவர் இல்லாத இடத்தில், அவர் வீட்டார் முறையை முடிக்கலாம்.”

எதுவும் நிகழவில்லை. முறை முடியுமுன் கையில் ஏழுக்கு மேற்பட்ட சீட்டுகளைக் கழித்தாக வேண்டும், ஒன்பது இருந்தன.

“ரெண்டு எடுத்துப்போடுங்க, கீதா.”

“எதைங்க?”

“அதை நான் சொல்லக் கூடாதுங்க. நடுவர்.”

கீதா நாற்காலியின் பின்னால் போய் நின்று, கணவர் பார்த்திருந்த பக்கத்திலிருந்து சீட்டுகளைப் பார்த்தார். நான்காவதையும் எட்டாவதையும் உருவினார். அவை கைக்கு வந்ததும், எஞ்சிய ஏழும் இடைவெளியை நிரப்பி மெல்ல நெருங்கின. கண்ணுக்குத் தெரியாத கட்டைவிரல் ஒன்று அவற்றை ஒழுங்குபடுத்தியது. அந்த விரலின் அசைவைக் கீதா அறிந்திருந்தார். “முடிஞ்சுதுங்க,” என்றார்.

சீட்டுகளுக்குப் பின்னால் கிருபாசங்கர் இருந்தார், முப்பத்து நான்கு வயதிலேயே. முதலில் கையைத்தான் பார்த்தார்.

“இருக்கறதுலயே பெரிய சீட்டு, பொன்யாளியை யாரு கழிச்சது?”

“நாந்தானுங்க,” என்றார் கீதா. “ஒரேயடியாப் பளபளன்னு இருந்துது. வேலைக்காகாதுன்னு நெனச்சேன்.” கணவரின் தோளில் கை வைத்தபடியே நின்றார்.

தேஜா மேசையைச் சுற்றி வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏனுங்க, நீங்க யாருங்க?”

கிருபாசங்கர் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு குழந்தையை நெடுநேரம் பார்த்தார். “உங்கப்பனுங்க, அம்மணி,” என்றார்.

அவர் குழந்தையை மடியில் ஏற்றிக்கொள்ளும்வரை பெனடிக்ட் காத்திருந்து, ரூத்திடம் அனுமதி கேட்டுத் தம் முறையைத் தொடங்கினார். பொன்யாளி இல்லாத கையை அவர் இரண்டே சீட்டுகளில் வென்றார்; தோற்றவர் உட்பட எவரும் முறையிடவில்லை. நான்கு ஆண்டு, இரண்டு மாதம், பன்னிரண்டு நாள் நீண்ட அந்த முறைக்கு ரூத் தண்டப்புள்ளி எதுவும் விதிக்கவில்லை. யாளிப்போரில் ஒரு முறைக்குக் கால வரம்பு கிடையாது.