பலாக்காட்டின் குறைகளும் நிறைகளும்

பஸ் செம்மநத்தத்தோடு திரும்பிவிடும். அதற்கும் மேலே இருக்கும் பலாக்காட்டுக்குக் காப்பித் தோட்டங்களின் ஊடே நடக்க வேண்டும்; அல்லது யாருடைய ஜீப்பாவது அந்தப் பக்கம் போகும்வரை காத்திருக்க வேண்டும். பஸ்ஸை ஊருக்குள் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்திருந்தவர் ஐயாக்கண்ணு. காப்பியும் மிளகும் பயிரிடுகிற அவர், அந்த முடிவின் காரணமாகவே ஊரின் பேச்சாளராகவும் ஆகியிருந்தார். மலைக் கிராமங்களின் நிலையை அறிந்து அறிக்கை எழுதச் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், அவர் ஊருக்கு ஒரே ஒரு கட்டளை இட்டார்: இன்று ஒரு நாள் யாரும் நன்றாக இருக்கக் கூடாது.

ஊர் ஒத்துழைத்தது. மாரியப்பன் தன் புதிய மோட்டார் சைக்கிளைத் தார்ப்பாயால் மூடினான். பக்கத்து வீட்டுக் கண்ணாயி இருமுவதற்கு ஒப்புக்கொண்டாள். ஐயாக்கண்ணு தம் வீட்டு டிஷ் ஆன்டெனாவின் மேல் சாக்கைப் போர்த்தினார். அதன் பிறகு அது தெருமுனையிலிருந்தே டிஷ் ஆன்டெனாவாகத் தெரிந்தது.

ஜீப்பிலிருந்து அதிகாரி ஜீவானந்தம் இறங்கினார். அவருக்குப் பின்னால், எவரும் எதிர்பாராதவிதமாக, கிளியூர் கனகாவும் அவள் இளைய மகன் ஜெயபிரகாஷும் இறங்கினார்கள். ஐயாக்கண்ணுவின் மகள் கீர்த்திகாவைப் பெண் பார்க்க அவர்கள் மறுநாள்தான் வருவதாக இருந்தது.

"நாளைக்கு ஜீப்பு கெடைக்குமோ என்னவோங்க. சாரு வர்றாருன்னு கேள்விப்பட்டு இதுலயே ஏறிட்டோமுங்க" என்றாள் கனகா.

ஐயாக்கண்ணுவின் மனைவி வெள்ளையம்மாள் அவர்களை உள்ளே அழைத்துப் போனாள். அதிகாரிக்கு வாசலில் நாற்காலி போடப்பட்டது. இரண்டு உரையாடல்களுக்கும் நடுவே திறந்த ஜன்னல் ஒன்று இருந்தது.

"தண்ணிக்கு நாங்க படற பாடு சொல்லி மாளாதுங்க" என்று வாசலில் ஐயாக்கண்ணு தொடங்கினார்.

"தண்ணிக்கு இங்க கொறையே இல்லீங்க" என்றது உள்ளிருந்து வெள்ளையம்மாளின் குரல். "கொழாயத் தொறந்தா மூடறதுதான் பாடுங்க."

ஜீவானந்தம் எழுதியதை அடித்தார்.

"இந்த வருசம் காப்பி காய்ப்பே இல்லீங்க."

"கொப்பு ஒடியறாப்புலக் காச்சிருக்குதுங்க!"

"காட்டெருமை வாசல்லயே வந்து நிக்குதுங்க சார். உசுருக்கே உத்தரவாதமில்லீங்க."

"நொம்ப அமைதியான ஊருங்க."

கண்ணாயி தன் பங்குக்கு இருமினாள். கனகா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள ஒரு ஊரு, வெளிய ஒரு ஊருங்களா? நான் எந்த ஊருல பொண்ணெடுக்கறதுங்க?"

உள்ளே இருக்கும் ஊரை ஒப்புக்கொண்டால் பஸ் போய்விடும். வெளியே இருக்கும் ஊரை ஒப்புக்கொண்டால் மாப்பிள்ளை போய்விடுவார். ஐயாக்கண்ணு இரண்டையும் நிறுத்துப் பார்த்து, வேறு வழி தோன்றாததால் உண்மையைச் சொன்னார்.

"எல்லாம் இருக்குதுங்க. பஸ்ஸு ஒண்ணுதானுங்க இல்ல."

கனகாவின் முகம் மலர்ந்தது. "அது ஒரு கொறையாங்க? எம் மூத்த மருமகளுக்கு அவ அம்மா ஊட்டு வாசல்லயே பஸ்ஸு நிக்குது. கொழம்புல உப்புக் கம்மின்னு சொன்னாப் போதும், மூக்கச் சிந்திட்டு ஏறிர்றா. எனக்கு இந்த எடந்தான் புடிச்சிருக்குது. பஸ்ஸு மட்டும் வர உட்றாதீங்க."

"அப்ப, பஸ் தேவையில்லைன்னு எழுதிக்கலாங்களா?" என்று கேட்டார் ஜீவானந்தம்.

ஊரின் பேச்சாளர் பேசவில்லை.

"என்னங்கண்ணா, வாயில என்ன வெச்சிருக்கீங்க?" என்று கத்தினாள் கண்ணாயி. "பொண்ணக் கட்டிக் குடுக்க ஊரு பஸ்ஸ உட்டுக் குடுக்கோணுமா? இதுக்கா என்னைய இரும வெச்சீங்க?"

கீர்த்திகா காப்பித் தட்டுடன் வெளியே வந்தாள். தலை குனிந்து வர வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவள் நேரே அதிகாரியைப் பார்த்தாள்.

"பஸ்ஸு கண்டிப்பா வேணும்னு எழுதுங்க சார். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"ரெண்டு எதுக்குக் கண்ணு?" என்றாள் கனகா.

"காலைல வர்றதுக்குங்க அத்தை. சாயங்காலம் உங்க ஊட்டுக்கே திரும்பிப் போறதுக்கு."

மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் தொண்டையைச் செருமினான். "அண்ணி ஊருல சாயங்காலப் பஸ்ஸு இல்லம்மா. அதனாலதான் போனா ஒரு வாரம் தங்கிருது."

கனகா யோசித்தாள். இந்தக் கோணம் அவளுக்குப் புதியது.

"அப்பச் சாயங்காலப் பஸ்ஸ மொதல்ல எழுதுங்க சார்" என்றாள்.

வெள்ளையம்மாள் ஜன்னல் வழியே மெல்லக் கேட்டாள். "அப்பக் கல்யாணத்துக்கு நாளு பாத்தர்லாங்களா?"

"எங்க சனம் பெருசுங்க, ஜீப்புல அடங்காது. பஸ்ஸு வரட்டும், பாத்துக்கலாம்."

எல்லோரும் ஜீவானந்தத்தைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடினார். "நான் அறிக்கை மட்டுந்தாங்க எழுதறேன். பஸ் விடறது வேற அதிகாரிங்க."

"அவரு வெலாசத்தச் சொல்லுங்க சார், கல்யாணப் பத்திரிகை வெச்சர்றோம்" என்றார் ஐயாக்கண்ணு.

"பத்திரிகைல தேதி போட வேண்டாங்களா?" என்று கேட்டார் ஜீவானந்தம்.

"அத அவரே போட்டுக்கட்டுங்க."